சான் பெட்ரோ ஆற்றின் ஊசித்தட்டான்கள்: ஐந்து பருவமும் ஜூன் மாதத் தண்ணீரும்

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் ஓடும் சான் பெட்ரோ, வடக்கு நோக்கிப் பாயும் ஆறு. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், கனனேயா என்ற சுரங்க நகரத்தின் பக்கம் பிறந்து, எல்லையைக் கடந்து, மொத்தம் 225 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி விங்கிள்மன் ஊரருகே ஹீலா ஆற்றில் கலக்கிறது. ஆறு என்றதும் அகன்ற நீர்ப்பரப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் பார்வையில் இது வாய்க்காலாகத்தான் தெரியும். ஆண்டின் பெரும்பகுதி கணுக்கால் ஆழம். பல இடங்களில் நான்கு எட்டு வைத்தால் அக்கரை. ஆனால் அதன் பாதையில் பெரிய அணை ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் இப்படி அணை கட்டாமல் விட்ட ஆறுகள் மிகச் சில. அதனால் வறட்சி, வெள்ளம் இரண்டின் முழு வீச்சும் இங்கே நேரடியாகத் தெரிகிறது. அந்த வீச்சைப் படிக்க நல்ல வழி, கரையோரப் புல்லில் உட்கார்ந்திருக்கும் ஊசித்தட்டானைக் கவனிப்பது.

ஊசித்தட்டான் தட்டானின் மெலிந்த உறவு. தட்டான் உட்காரும்போது சிறகை விரித்து வைக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின் மேல் மடக்கிக்கொள்ளும். முட்டை நீருக்குள், அல்லது நீரை ஒட்டிய செடித்தண்டுக்குள். அதிலிருந்து வரும் இளவுயிரி தண்ணீரிலேயே வளர்கிறது. கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. வளர்ந்து முடிந்ததும் ஒரு தண்டைப் பிடித்து ஏறி, தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். சிறிய இனங்களுக்கே, நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், இளவுயிரிக் காலம் ஓரிரு மாதமாவது எடுக்கும். பாலைவன ஆற்றில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஓரிரு மாதம்தான். அத்தனை நாள் அந்த இடத்தில் தண்ணீர் தங்கியிருக்க வேண்டும்.

ஆகவே எந்த மாதம் எந்த இனம் என்ற கையேட்டு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே இறங்கினால் குழப்பமே மிஞ்சும். ஒரே நாளில், ஒரே ஆற்றில், 3 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு இடங்களில் ஒன்றில் நூற்றுக்கணக்கில் பறக்கும். மற்றதில் ஒன்றுகூட இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: சென்ற ஜூனில் இந்த இடத்தில் தண்ணீர் இருந்ததா?

ஐந்து பருவம்

சொனோரப் பாலைவனத்துக்காரர்கள் ஆண்டை நான்காகப் பிரிப்பதில்லை, ஐந்தாகப் பிரிக்கிறார்கள். குளிர்காலம், வசந்தம், மழைக்கு முந்தைய வறண்ட கோடை, பருவமழைக் கோடை, இலையுதிர் காலம். பருவமழை என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்க வானிலைத் துறை 2008 முதல் ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 30 வரையான நாட்களைப் பருவமழைக் காலமாகக் கணக்கிடுகிறது. ஆனால் சான் பெட்ரோ பள்ளத்தாக்கில் வானம் உண்மையில் திறப்பது பெரும்பாலும் ஜூலையில்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்தச் சில வாரங்களில் கொட்டிவிடும்.

வசந்தத்தில், மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், முதலில் கண்ணில் படுபவை சின்ன இனங்கள். புளூயட் எனப்படும் நீலக்குச்சிகள், முள்வால் போன்ற நுனியுள்ள ஃபோர்க்டெயில்கள், வயதுக்கு வயது நிறத்தை அடியோடு மாற்றிக்கொள்ளும் பெயின்டட் டாம்சல். இந்த நாட்களில் புதிதாகத் தோலுரித்தவை நிறைய இருக்கும். சிறகு கண்ணாடித்தாள் போலப் பளபளக்கும், உடல் வெளிறியிருக்கும், பறப்பு தடுமாறும். அவற்றை இனம் பிரிக்க முயல வேண்டாம். "இளசு" என்று எழுதி எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதும். இளசு இருந்தால் அந்த இடத்து நீர் குளிர்காலம் முழுக்க நின்றது என்று பொருள். முதிர்ந்த பூச்சி எங்கிருந்தோ பறந்து வந்திருக்கலாம். இளசு அங்கேயே பிறந்தது.

மே, ஜூன். வெயில் 38 டிகிரியைத் தொடும் காலம். ஆறு துண்டு துண்டாக உடையும். அடியில் பாறை மேலெழுந்து நிலத்தடி நீரை மேலே தள்ளும் இடங்களில், குறிப்பாகச் சார்ல்ஸ்டன் பகுதியில், ஓட்டம் நிற்காது. வண்டல் ஆழமான இடங்களில் மணல்தான் மிஞ்சும். இதற்குக் கரைமரங்களும் காரணம். காட்டன்வுட், வில்லோ இரண்டும் பகல் முழுக்க நிலத்தடி நீரை உறிஞ்சி இலைவழி விடுகின்றன. வறண்ட கோடையில் மாலை வாக்கில் ஓட்டம் குறைந்து, இரவில் மீண்டும் சற்றே ஏறும். காலையில் ஓடிய இழை மாலையில் அறுந்து கிடப்பதைப் பார்த்து யாரோ தண்ணீரை அடைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது மரங்கள் குடித்தது.

ஆண்டுதோறும் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை, ஆற்றில் எங்கே நீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று தன்னார்வலர்கள் நடந்தே பதிவு செய்கிறார்கள். நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் நில நிர்வாகத் துறையும் 1999 முதல் நடத்தி வரும் ஈர-உலர் வரைபடப் பணி இது. ஊசித்தட்டான் பார்ப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் கிடையாது. கண்காணிப்புத் தடத்தை, அதாவது மீண்டும் மீண்டும் நடந்து பூச்சிகளை எண்ணும் கரைத்துண்டை, தேர்ந்தெடுக்கும் முன் இந்த வரைபடத்தைப் பார்த்து, எப்போதும் ஈரமாக இருக்கும் துண்டில் ஒன்று, சில ஆண்டுகளில் மட்டும் காயும் துண்டில் ஒன்று என்று இரண்டு தடம் போடுவது நல்லது. ஒரே தடம் போட்டால் கிடைக்கும் எண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் காரணம் புரியாது.

வறண்ட கோடையில் மிஞ்சிய மடுக்களில் பாசி திரண்டு விரிப்பாக மிதக்கும். அந்தப் பாசிமேல் மிளகாய்ச் சிவப்பில் ஓர் அங்குல நீளக் குச்சி நின்றுகொண்டிருந்தால் அது டெசர்ட் ஃபயர்டெயில் ஆண். பெண் பாசிக்குள் முட்டை செருகும்போது, ஆண் அவள் கழுத்துப் பகுதியை வால்நுனியால் பிடித்தபடி, கால் எதையும் ஊன்றாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பாசியில் சிவப்பு ஊசிகளை வரிசையாகக் குத்தி வைத்தது போல இருக்கும். எண்ணும்போது ஒவ்வொரு ஊசியும் ஒரு ஜோடி என்பதை மறக்கக் கூடாது. பெண்ணின் நிறம் பாசியோடு கலந்துவிடுவதால் ஆணை மட்டும் எண்ணிவிட்டு நகர்வது வழக்கமான பிழை.

வெள்ளம் துடைத்த பிறகு

ஜூலையில் முதல் வெள்ளம் வரும். அந்த நீர் செங்காவி நிறத்தில், குச்சியும் சருகும் நுரையுமாக, சுவர் போல வரக்கூடியது. 1926 செப்டம்பரில் சார்ல்ஸ்டனில் நொடிக்கு 98,000 கன அடி வரை போனது இந்த ஆற்றின் பதிவுகளில் மிகப் பெரிய வெள்ளம். சாதாரண ஆண்டுகளில் அவ்வளவு வராது. ஆனால் படுகையைப் புரட்டிப் போட அதில் சிறு பங்கு போதும்.

நீருக்குள் இருப்பவற்றின் கதி என்ன? ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே உள்ள சிகமோர் ஓடையில் ஸ்டூவர்ட் ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1982இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஒரு திடீர் வெள்ளம் பாசியை அனேகமாக முழுவதும் துடைத்தது. முதுகெலும்பில்லா உயிர்களின் அளவை 98 சதவீதம் குறைத்தது. ஆனால் சில வாரங்களுக்குள் ஓடை மறுபடி நிரம்பியது. காரணம், வெள்ளத்தின்போது காற்றில் இருந்த முதிர்ந்த பூச்சிகள் திரும்பி வந்து முட்டையிட்டதுதான். மேஃப்ளை போன்ற பூச்சிகளில் சில, பாலைவன வெப்பத்தில் ஓரிரு வாரங்களிலேயே வளர்ந்து முடிந்துவிடும். அவற்றுக்கு வேகமே காப்பீடு. அரிசோனாவின் மலை ஓடைகளில் வாழும் ஒரு ராட்சத நீர்ப்பூச்சி, பெருமழை விழுவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வெள்ளம் வருவதற்குள் கரையேறிவிடுகிறது.

ஊசித்தட்டானுக்கு அந்த வேகமும் இல்லை. அதன் காப்பீடு கரையில் இருக்கிறது. தோலுரித்து வெளிவந்த பூச்சி முதிர ஒரு வாரம், சில இனங்களில் அதற்கும் மேல் ஆகும். அந்த நாட்களை நீரிலிருந்து விலகி, மெஸ்கீட் மரங்களுக்கிடையே இரை தேடிக் கழிக்கும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாத தலைமுறை அதுவே. இதனால்தான் மழைக்காலத்தில் ஆற்றோரத்தில் ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுவது தவறாகிறது. கரையிலிருந்து 30, 50 மீட்டர் உள்ளே போய், வெயில் விழும் காட்டோரப் புல்லையும் பார்க்க வேண்டும். கலங்கல் தெளிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தெளிந்ததும் முதலில் ஆற்றுக்குத் திரும்புபவை ஈரமணலிலும் கல்லிலும் உட்காரும் டான்சர் என்ற ஊசித்தட்டான் வகைகள். புதிதாகத் தோண்டப்பட்ட மடுவில் முதலில் குடியேறுவது ஃபெமிலியர் புளூயட். புதிய குட்டை எங்கே உருவானாலும் முன்வரிசையில் நிற்கும் இனம் அது.

நீர்நாய் அளவுக்குமேல் பெரிதான, மரம் கடித்து அணை கட்டும் பீவரையும் இங்கே சொல்ல வேண்டும். வேட்டையால் இங்கிருந்து அழிந்துபோன பீவர்களை 1999இல் தொடங்கி மீண்டும் ஆற்றில் விட்டார்கள். அவை கட்டும் கட்டை அணைகளுக்குப் பின்னால் நீர் தேங்கினால் ஃபோர்க்டெயில்களும் புளூயட்டுகளும் கூடும். அணையை வெள்ளம் உடைத்துவிட்டால் அதே இடத்தில் ஓட்டநீர் இனங்கள் வந்துவிடும். உங்கள் தடத்தில் இனங்கள் திடீரென மாறினால், வானிலைப் பதிவைப் புரட்டும் முன் கீழே ஒரு பீவர் அணை வந்ததா, போனதா என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

இலையுதிர் காலத்துச் சிவப்பு

செப்டம்பர், அக்டோபர்தான் இந்த ஆற்றின் உச்சம். மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, வெயில் இதமாகும்போது அமெரிக்கன் ரூபிஸ்பாட் கூட்டம் கூட்டமாக வரும். சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், செம்பு கலந்த கருத்த உடல், ஆணின் சிறகடியில் மாதுளை முத்துச் சிவப்பு. சலசலத்து ஓடும் ஆழமில்லாத நீரில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோரைத்தண்டையோ வேரையோ ஆண் தன் இடமாக வைத்துக்கொள்ளும். வேறொரு ஆண் வந்தால் இரண்டும் வட்டமடித்துச் சுழன்று மேலேறும், தோற்றது விலகும். சற்றுப் பொறுமையாக நின்றால் ஜெயித்தது அதே தண்டின் அதே நுனிக்கு வந்து அமர்வதைப் பார்க்கலாம். படம் எடுக்க விரும்புவோர் பூச்சியைத் துரத்தாமல் தண்டின்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதே சிறந்தது.

பெண் முட்டையிடுவது இன்னும் வியப்பானது. மிதக்கும் வேர்க்கொத்தைப் பிடித்து, வாலை முன்னே விட்டு, பின்புறமாகவே இறங்கி முழு உடலும் நீருக்குள் போய்விடும். உடலையும் சிறகையும் சுற்றி ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொள்வதால் நீருக்கடியில் வெள்ளிக்கம்பி போல மின்னும். சில நிமிடம் தொடங்கி ஒரு மணி நேரம் வரைகூட உள்ளே இருந்து தண்டின் திசுவுக்குள் முட்டைகளைச் செருகும். முடிந்ததும் பிடியை விட்டு மேலே மிதந்து வரும். அந்தக் கணத்தில் சிறகு நீரில் ஒட்டிக்கொண்டால் தப்புவது கடினம். ஓட்டம் வேகமான இடத்தில் சில பெண்கள் அப்படியே போய்விடும். கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண் என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களில் ஒரு பங்கு நீருக்கடியில், பெரும்பங்கு நீரிலிருந்து விலகி மேய்ச்சலில். எனவே ஆற்றோர எண்ணை வைத்து ஆண் பெண் விகிதம் சொல்லக் கூடாது.

அதே நாட்களில் வில்லோக் கிளைகளில், சிறகைப் பாதி விரித்தபடி தொங்கும் கிரேட் ஸ்ப்ரெட்விங்கைத் தேடுங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை நீளம். அமெரிக்காவின் ஊசித்தட்டான்களில் இதுவே பெரிது. இது நீருக்குமேல் உள்ள கிளையின் பட்டைக்குள் முட்டையிடும். பொரித்த குஞ்சு கீழே தண்ணீரில் விழும். முன்பு ஆடுமாடு மேய்ந்த கரைகளில் இளம் வில்லோக்கள் எழவே இல்லை. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஆற்றின் 64 கிலோமீட்டர் நீளத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த காலத்தில் பெரும்பாலான மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. கோரையும் இளமரமும் திரும்பின. முட்டையிடத் தண்டில்லாத ஆற்றில் நீர் இருந்தும் ஊசித்தட்டானுக்கு இடமில்லை.

கணக்கெடுக்கும் முறை

200 மீட்டர் நீளத் தடம், அதை 50 மீட்டராக நான்கு துண்டு. துண்டுக்குப் பத்து நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் முடிந்தால் வாரம் ஒருமுறை. நீரோட்டத்துக்கு எதிராக நடங்கள். கால் கிளறும் சேறு பின்னால் போய்விடும், முன்னாலுள்ள நீர் தெளிவாக இருக்கும். சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்பே போய்ப் பூச்சிகளைக் கிளப்பிவிடும்.

நேரம் பருவத்தோடு மாற வேண்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை. ஜூனில் 8 முதல் 11 வரை. காற்றின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் வெப்பம், மேகம், காற்று, நீரின் கலங்கல், ஓட்டம் உண்டா இல்லையா என்பதைக் குறித்துவிட்டுப் பிறகு எண்ணத் தொடங்குங்கள். சார்ல்ஸ்டன் நீரளவு நிலையத்தின் அன்றைய அளவு இணையத்தில் கிடைக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளில் பூஜ்யம் எழுதுவதுதான் மிக முக்கியம். வெற்றுப் பக்கத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாடு பத்தாண்டு கழித்து வேறு யாருக்கோ தேவைப்படும்.

கருவிகள் கொஞ்சம்தான். 2 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர், பத்து மடங்கு கைலென்ஸ், வெப்பமானி, கேமரா. வலையில் பிடிப்பதற்கு முன் அனுமதி தேவையா என்று நிலத்தை நிர்வகிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு 4 லிட்டர் குடிநீர் கட்டாயம். வானம் நீலமாக இருந்தாலும், மேல்நீர்ப் பக்கம் மெக்சிகோ மலைகளில் இடி கேட்டால் அன்றைய எண்ணிக்கையை நிறுத்திவிட்டுக் கரையேறிவிடுங்கள்.

இனம் பிரிப்பதில் அதிகம் ஏமாற்றுவது நிறம். டான்சர் ஆண்களில் பலவும் குளிர்ந்த காலையில் சாம்பலும் கருமையுமாக இருந்து, உடல் சூடானதும் நீலமாகும். இணைசேரும் நேரத்திலும் சில கருக்கும். காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக இரண்டு இனம் எழுதியவர் அனேகமாக ஒரே பூச்சியை இருமுறை எழுதியிருப்பார். ஃபோர்க்டெயில் பெண்களில் ஒரே இனத்திலேயே இரண்டு மூன்று நிறம் உண்டு, அதில் ஒன்று ஆணைப் போலவே இருக்கும். உட்காரும் விதம் இதைவிட நம்பகமானது. டான்சர் தரையிலும் கல்லிலும் உட்காரும், சிறகை வயிற்றுக்கு மேலே தூக்கி வைக்கும், பறக்கும்போது துள்ளும். புளூயட் புல்லில் உட்காரும், சிறகை வயிற்றின் பக்கவாட்டில் வைக்கும், நேர்கோட்டில் பறக்கும். டான்சரின் காலில் முட்கள் நீளம். இதற்குமேல் இனம் வரை போக வேண்டுமானால் ஆணின் வால்நுனிக் கொடுக்குகளின் வடிவம் தெரிய வேண்டும். ஆகவே பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், வால்நுனியை நெருங்கி ஒரு படம். மூன்றும் இல்லையென்றால் "நீல புளூயட், இனம் தெரியவில்லை" என்று எழுதுவது நேர்மையான பதிவு. ஒடோனேட்டா சென்ட்ரல், ஐநேச்சுரலிஸ்ட் தளங்களில் படத்தை இட்டால் விவரம் அறிந்தவர்கள் சரிபார்ப்பார்கள்.

2005 ஜூலையில் சார்ல்ஸ்டன் நீரளவு நிலையத்தில், பதிவு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, ஓட்டம் பூஜ்யமானது. சியர்ரா விஸ்டா நகரமும் ஃபோர்ட் ஹுவாச்சூக்கா ராணுவத் தளமும் கிணறுகள் வழியே எடுக்கும் நீர் இந்த ஆற்றுக்கு அடியிலுள்ள அதே நிலத்தடி நீர்தான். எந்த வறண்ட ஜூனிலும் விட்டுப்போகாமல் ஊசித்தட்டான் வந்த ஒரு துண்டில் அடுத்த வசந்தத்தில் இளசே இல்லை என்றால், அது கவலைக்குரிய செய்தி. அதைக் கவனிக்க ஆளும் ஏடும் இருந்தாக வேண்டும்.

நவம்பரில் ரூபிஸ்பாட்டுகள் அருகி, முதல் கடும் பனியோடு காட்டன்வுட் இலைகள் மஞ்சளாகி உதிரும். அப்போதும் ஏட்டை மூடிவிட வேண்டாம். மரங்கள் குடிப்பதை நிறுத்தியதும், ஒரு துளி மழை இல்லாமலேயே, காய்ந்து கிடந்த துண்டுகளில் நீர் ஊறி ஓடத் தொடங்கும். அந்த வாரத்தில் ஒரு சமையலறை வடிகட்டியும் வெள்ளைத் தட்டும் எடுத்துப் போய் வேர்க்கொத்துகளை மெல்ல உதறிப் பாருங்கள். வால்நுனியில் இலை போன்ற மூன்று செவுள் இருந்தால் ஊசித்தட்டான் இளவுயிரி. நூல் போன்ற வாலானால் மேஃப்ளை. செவுளில் ஒன்றிரண்டு உதிர்ந்தும் இருக்கலாம், அதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உணர்கொம்பின் முதல் கணு மட்டும் தனியே நீண்டிருந்தால் அது ரூபிஸ்பாட். எண்ணிக் குறித்துவிட்டு, எடுத்த அதே வேரடியில், அதே ஓட்டத்தில் திரும்ப விடுங்கள்.